பலேர்மோவின் இடிபாடுகளைக் கண்ணாடியில் பதித்தவர்: ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே

பலேர்மோவில் வாழும் எம்மவர்களுக்கு லா காலா என்ற பழைய துறைமுகம் நன்கு தெரிந்த இடம். இன்று பாய்ப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் அந்தச் சிறு குடாவின் ஓரமாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பலர் நடந்திருப்பார்கள். அதன் வடபுறத்தில் காஸ்தெல்லோ அ மாரே என்னும் கடற்கோட்டையின் எச்சங்கள் இப்போதும் உள்ளன. 1860ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அந்தக் கோட்டையிலிருந்தும், துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களிலிருந்தும் இந்த நகரின் மீது குண்டுகள் பொழிந்தன. வீடுகளும் மடங்களும் அரண்மனைகளும் இடிந்து விழுந்தன.

அடுத்த சில நாட்களில், ஜூன் மாதத்தில், எம்மா என்ற பாய்க்கப்பல் ஒன்று அதே துறைமுகத்துக்கு வந்து நங்கூரமிட்டது. அதன் சொந்தக்காரர் மொன்டி கிறிஸ்டோ பிரபுவின் கதையை எழுதிப் புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா. அவருடன் வந்தவர்களில் 39 வயது ஒளிப்படக் கலைஞர் ஒருவரும் இருந்தார். பெரிய மரக் கமராவும், கண்ணாடித் தகடுகளும், இரசாயனப் போத்தல்களும் அவருடைய பயணப் பொதிகள். அவர்தான் குஸ்தாவ் லெ கிரே.

ஒளிப்பட வரலாற்றில் லெ கிரே மிகப் பெரிய பெயர். ஆனால் அவர் பலேர்மோவுக்கு வந்தபோது கடையை இழந்தவர், கடனாளி, மனைவியையும் பிள்ளைகளையும் பிரான்ஸில் விட்டுவிட்டுப் புறப்பட்டவர். பிறகு ஒருபோதும் அவர் நாடு திரும்பவில்லை. படத்தில் கூர்மை எப்படிக் கிடைக்கிறது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே அவருடைய உழைப்பு நடந்தது. அந்தக் கூர்மைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு விலை இருந்தது. அந்த விலை என்ன என்பதை அவர் எடுத்த பலேர்மோப் படங்களே நன்றாகக் காட்டுகின்றன.

ஓவியராகத் தொடங்கியவர்

லெ கிரே 1820 ஓகஸ்ட் 30ஆம் திகதி பரிஸுக்கு வடக்கே உள்ள வில்லியே லெ பெல் என்ற ஊரில் பிறந்தார். நூல், ஊசி, பொத்தான் போன்றவற்றை விற்கும் சிறு வணிகர்களின் ஒரே மகன். ஓவியராக வேண்டும் என்ற ஆசையில், அக்காலத்தில் பரிஸில் பெயர்பெற்ற போல் தெலரோஷ் என்ற ஓவியரிடம் பயின்றார். பின்னர் ரோமுக்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே 1844இல் பல்மீரா லியோனார்தி என்ற இத்தாலியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பிறந்த பிள்ளைகளில் பலரை இருவரும் இளவயதிலேயே பறிகொடுத்தனர்.

1847 அளவில் பரிஸ் திரும்பியவர், ஓவியத்தால் வயிறு நிரம்பாது என்பதை உணர்ந்திருக்க வேண்டும். ஒளிப்படக் கலை அப்போது பிறந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிரான்ஸின் தாகேர் கண்டுபிடித்த வெள்ளி பூசிய செப்புத் தகடு. அதில் விழும் படம் மயிரிழையும் தெரியும் அளவுக்குக் கூர்மையானது. ஆனால் பிரதி எடுக்க முடியாது. இங்கிலாந்தின் டால்போட் கண்டுபிடித்த தாள் நெகட்டிவ் மற்றையது. ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதிகளும் எடுக்கலாம். ஆனால் படம் மங்கலாக இருக்கும்.

அந்த மங்கலுக்குக் காரணம் தாள்தான். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அதன் நார்கள் தெரியும் அல்லவா? நெகட்டிவ் வழியாக ஒளி பாய்ந்து பிரதி விழும்போது அந்த நார்களின் நிழலும் சேர்ந்து விழுந்துவிடும். கமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வில்லை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், கடைசியில் படத்தைக் கெடுப்பது அந்தத் தாளே.

மெழுகும் அரிசிக் கஞ்சியும்

லெ கிரே கண்ட தீர்வு கேட்பதற்கு எளிமையானது. படம் எடுப்பதற்கு முன்பே தாளில் மெழுகு ஏற்றிவிடுவது. மெல்லிய தாளை உருகிய மெழுகில் தோய்த்து, ஒற்றுத்தாள்களுக்கு இடையில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார். மெழுகு நார்களுக்கு இடையில் உள்ள வெற்றிடங்களை நிரப்பிவிடும். மிகுதியை ஒற்றுத்தாள் உறிஞ்சிவிடும். தாள் ஏறத்தாழ ஒளி ஊடுருவும் தன்மையைப் பெற்றுவிடும். அதன் பிறகுதான் இரசாயனம். அயடைட்டு உப்புகளைக் கரைக்க அவர் பயன்படுத்திய நீர் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அரிசியை அவித்து வடித்த கஞ்சி. அதில் பாற்சீனியையும் சேர்த்தார். இந்தக் கரைசலில் ஊறிக் காய்ந்த தாளை இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டால் அது ஒளியை உணரத் தொடங்கும்.

1851இல் வெளியான இந்த முறையில் இன்னொரு நன்மையும் இருந்தது. தாளை முன்கூட்டியே தயாரித்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ இரண்டு வாரம் வரை கெடாது. எடுத்த படத்தையும் உடனே கழுவ வேண்டியதில்லை. தூர தேசங்களுக்குப் போகும் பயணிகளுக்கு இது பெரிய வரமாக அமைந்தது.

இந்த மெழுகுத்தாள் ஆசியாவுக்கும் வந்தது. ஆங்கிலேயப் படையதிகாரி லினியஸ் ட்ரைப் 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய் மெழுகேற்றிய தாள் நெகட்டிவ்களில் 200க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். பின்னர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டு, 1858இல் சிறீரங்கம், மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம்பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டிய நீளச்சுருள், எழுத்துகள் தெரியவேண்டும் என்பதற்காகவே எடுக்கப்பட்டது. கூர்மை என்பது அங்கே அழகுக்காக மட்டும் தேவைப்பட்டதல்ல. வரலாற்றுச் சான்றுக்கும் அது தேவைப்பட்டது.

அதே 1851இல் பிரெஞ்சு அரசு தன் நாட்டுப் பழம்பெரும் கட்டடங்களைப் படம்பிடிக்க ஐந்து கலைஞர்களைத் தெரிவு செய்தது. லெ கிரே அவர்களில் ஒருவர். மெஸ்த்ரால் என்ற நண்பருடன் தென்மேற்குப் பிரான்ஸ் வரை சென்று நூற்றுக்கணக்கில் படங்கள் எடுத்து வந்தார். அரசு நெகட்டிவ்களைப் பெற்றுப் பெட்டிகளில் வைத்துப் பூட்டியது. அவை அன்று வெளியிடப்படவேயில்லை.

கைநழுவிய கண்டுபிடிப்பு

தாளை எவ்வளவு திருத்தினாலும் அது தாள்தான். முழுக் கூர்மை வேண்டுமானால் கண்ணாடிக்குப் போகவேண்டும். கண்ணாடியின் மேல் இரசாயனத்தைப் பிடித்து வைத்திருக்க ஒரு பசை வேண்டும். கொலோடியன் என்ற பிசின் திரவம் அப்போது மருத்துவர்களிடம் இருந்தது. வெடிபஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்துச் செய்த அதைக் காயங்களின் மேல் பூசுவார்கள். காய்ந்ததும் மெல்லிய தோல்போல் மூடிக்கொள்ளும்.

இதை ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தலாம் என்று லெ கிரே 1850இல் வெளியிட்ட தன் கைநூலில் குறிப்பிட்டார். ஆனால் அது சிறு குறிப்பாகவே இருந்தது. செய்முறை முழுமையாக இல்லை. 1851 மார்ச்சில் இலண்டனைச் சேர்ந்த பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் அளவுகளுடன் முழு முறையையும் வெளியிட்டார். உலகம் அவர் பெயரைத்தான் எழுதிக்கொண்டது. முதலில் சொன்னது தானே என்று லெ கிரே பின்னர் பலமுறை வாதிட்டும் பயனில்லை. ஆர்ச்சரும் இதனால் பணக்காரராகவில்லை. உரிமம் எதுவும் பெறாமல் முறையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு 1857இல் வறுமையில் இறந்தார்.

கண்ணாடி முறை கூர்மையைத் தந்தது, வேகத்தையும் தந்தது. ஆனால் தகடு ஈரமாக இருக்கும்வரைதான் அது ஒளியை நன்கு உணரும். கொலோடியனைப் பூசி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, கமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே கழுவி முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பத்து, பதினைந்து நிமிடங்களே உண்டு. ஆகவே படம் எடுக்கப் போகிற இடத்துக்கெல்லாம் இருட்டறையும் கூடவே போகவேண்டும்.

அத்துடன், அன்று இன்றுபோல் படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுக்கும் வழக்கம் இல்லை. நெகட்டிவையும் தாளையும் சட்டத்தில் ஒன்றாக இறுக்கி வெயிலில் வைப்பார்கள். கண்ணாடி எந்த அளவோ படமும் அந்த அளவு. தாள் ஓர் இடத்தில் சற்று விலகி நின்றாலும் அந்த இடம் மங்கிவிடும். பழைய வில்லைகளிலும் ஒரு சிக்கல் இருந்தது. கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் இடத்தில் தகட்டின் மேல் கூர்மை விழாது. ஏனெனில் கண் மஞ்சள் ஒளியை நன்றாகப் பார்க்கிறது. தகடோ நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே பார்க்கிறது. அனுபவம் உள்ளவர் திரையில் கூர்மையைப் பார்த்தபின் வில்லையைச் சற்று நகர்த்தித் திருத்திக்கொள்வார்.

கடலும் வானமும்

நீலத்தை மட்டும் பார்க்கும் தகட்டுக்கு வானம் பெரும் தொல்லை. தரைக்கும் கடலுக்கும் போதுமான ஒளி விழும்வரை காத்திருந்தால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரதியில் வெறும் வெள்ளையாகிவிடும். மேகங்கள் காணாமல் போகும். தஞ்சையில் படமெடுத்த ட்ரைப் தன் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிக்கொண்டார்.

லெ கிரே வேறு வழி கண்டார். 1856, 1857ஆம் ஆண்டுகளில் நோர்மண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலோரத்து செத் நகரிலும் அவர் எடுத்த கடற்படங்கள் பலவற்றில் வானத்துக்கு ஒரு கண்ணாடி, கடலுக்கு ஒரு கண்ணாடி. இரண்டையும் தனித்தனியே சரியான அளவு ஒளியில் எடுத்து, அடிவானக் கோட்டில் பொருந்தும்படி ஒரே தாளில் பிரதி எடுத்தார். ஒரே வானத்தை இரண்டு மூன்று கடல்களுக்கு மேல் வைத்ததும் உண்டு. சூரியனுக்கு எதிர்முகமாகக் கமராவை வைத்து, பளபளக்கும் நீரின் ஒளியால் நேரத்தைக் குறைத்து, கரையில் உடையும் அலையையும் நிறுத்திப் பிடித்தார். இலண்டனிலும் பரிஸிலும் மக்கள் வியந்து பார்த்தனர், வாங்கவும் செய்தனர்.

இருந்தும் அவர் எல்லாமே கூர்மையாக இருக்கவேண்டும் என்று வாதிட்டவர் அல்லர். ஓவியரிடம் பயின்றவர் என்பதால், எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவனே கலைஞன் என்பது அவர் கொள்கை. கண் போய் நிற்க வேண்டிய இடம் கூர்மையாக இருக்கட்டும். மற்றவை நிழலில் அமிழட்டும் என்பார்.

வணிகத்தில் அவருக்கு அந்தத் தெளிவு இருக்கவில்லை. 1855 அளவில் செல்வந்தர் ஒருவரின் ஒரு இலட்சம் பிராங்க் முதலீட்டுடன் பரிஸின் கபுசின் பெருவீதி 35ஆம் இலக்கத்தில் ஆடம்பரமான படக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஆனால் மக்களின் விருப்பம் மாறிக்கொண்டிருந்தது. கைக்கடக்கமான சிறு அட்டைப் படங்களை டசின் கணக்கில் மலிவாக எடுத்துக் கொடுக்கும் கடைகளில்தான் கூட்டம் நின்றது. லெ கிரேயோ பெரிய கண்ணாடியை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு பிரதியையும் பொன் உப்பில் இட்டு நிறம் திருத்திக்கொண்டிருந்தார். 1860 பெப்ரவரி 1ஆம் திகதி நிறுவனம் கலைக்கப்பட்டது. அதே மே மாதம் டூமாவின் கப்பலில் மார்செய் துறைமுகத்திலிருந்து அவர் புறப்பட்டார்.

பலேர்மோவில் ஒரு கோடைகாலம்

டூமாவின் திட்டம் கிழக்கு நாடுகளைச் சுற்றிப் பார்ப்பது. ஆனால் வழியில் கரிபால்டியின் செய்தி வந்தது. செஞ்சட்டை அணிந்த ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களுடன் மே 11ஆம் திகதி சிசிலியின் மர்சாலாவில் இறங்கிய கரிபால்டி, மே 27ஆம் திகதி பலேர்மோவுக்குள் நுழைந்துவிட்டார். நகரத்து மக்கள் வீதிகளில் தடுப்பரண்கள் எழுப்பி அவருடன் சேர்ந்துகொண்டனர். புர்போன் அரசின் படைகள் குண்டுவீசிப் பார்த்தன, பணியவில்லை. மே 30ஆம் திகதி துறைமுகத்தில் நின்ற ஹனிபால் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் பேச்சு நடந்து போர்நிறுத்தம் ஏற்பட்டது. டூமா கப்பலைப் பலேர்மோவுக்குத் திருப்பினார்.

லெ கிரே நகரத்துக்குள் நடந்தார். பலேர்மோவாசிகள் இன்று கோர்சோ வித்தோரியோ எமனுவேலே என்று அழைக்கும் வீதிதான் அன்றைய தொலேதோ வீதி. கடற்கரையின் போர்த்தா பெலிச்சே வாயிலிலிருந்து மேலே போர்த்தா நுவோவா வரை நேராகப் போகும் அந்த வீதியில் தடுப்பரண்கள் இன்னும் கலைக்கப்படாமல் கிடந்தன. அவற்றைப் படம்பிடித்தார். இடிந்த கரினி அரண்மனையையும் பிற இடிபாடுகளையும் படம்பிடித்தார். கரிபால்டியின் உருவப்படத்தையும் எடுத்தார். ஐரோப்பா முழுவதும் பெயர் தெரிந்த அந்த மனிதரின் முகத்தைப் பலர் இந்தப் படத்தின் வழியாகவே பார்த்தார்கள்.

சிசிலியின் ஜூன், ஜூலை வெயில் எப்படி என்று அங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சூட்டில் ஈதர் பறந்துபோகும். தகடு விரைவில் காய்ந்துவிடும். இருண்ட கூடாரத்துக்குள் மூச்சு முட்டும் இரசாயன மணம். வீதிப் புழுதி ஒரு துகள் ஈரத் தகட்டில் ஒட்டினாலும் படத்தில் அது புள்ளியாக நிற்கும். இவ்வளவுக்கும் நடுவே எடுத்த படங்களில் உடைந்த சுவரின் ஒவ்வொரு கல்லும், தொங்கும் உத்தரமும், குவிந்த சுண்ணமும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன.

இங்கேதான் கூர்மையின் விலை தெரிகிறது. முன்னால் உள்ள கல்லும் தூரத்தில் உள்ள சுவரும் ஒரே படத்தில் கூர்மையாக விழ வேண்டுமானால் வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும். துவாரம் சிறிதானால் ஒளி குறையும். கமராவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் கூடும். அந்த நேரத்தில் அசையாதவை மட்டுமே தகட்டில் தங்கும். நடந்து போனவர், கல்லைப் புரட்டியவர், ஓடிய பிள்ளை எல்லோரும் மங்கிய கறையாகவோ ஒன்றுமே இல்லாமலோ போய்விடுவர். படத்துக்காக அசையாமல் நின்றவரே மிஞ்சுவார். ஜூன் மாதத்துப் பலேர்மோ ஆட்கள் நிறைந்து இரைந்த ஊர். படங்களிலோ அந்த இரைச்சல் இல்லை, கல்தான் இருக்கிறது. செஞ்சட்டையின் சிவப்பும் தகட்டுக்குத் தெரியாத நிறம்; அக்காலப் படங்களில் அது கறுப்பாகவே விழும்.

அன்றைய பத்திரிகைகளால் ஒளிப்படத்தை நேரடியாக அச்சிட முடியாது. படத்தைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்சிடுவார்கள். அப்போது செதுக்குபவர் வீதியில் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம், புகையையும் சேர்க்கலாம். ஆனால் எதையும் சேர்க்காத அந்த வெறும் இடிபாடுதான் இன்று சான்றாக நிற்கிறது. குண்டு விழுந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் படங்களை வாசிக்கத் தெரியும். ஆளில்லாத வீட்டின் படம் ஆட்களைப் பற்றியதுதான் என்பது அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

திரும்பாத பயணம்

ஜூலையில் கப்பல் பலேர்மோவை விட்டுப் புறப்பட்டது. மோல்ற்றாவில் டூமாவுக்கும் உடன் வந்தவர்களுக்கும் மனக்கசப்பு முற்றியது. லெ கிரே உட்படச் சிலரை அங்கேயே இறக்கிவிட்டு டூமா போய்விட்டார். இறக்கிவிடப்பட்டவர்களில் எதுவார் லொக்ருவா என்ற இளைஞர் பிற்காலத்தில் பிரான்ஸின் கடற்படை அமைச்சரானார். லெ கிரேயோ கிழக்கே போனார். லெபனானில் பத்திரிகைக்காகப் படம் எடுத்தார். அங்கே கால் முறிந்தது. பால்பெக்கின் ரோமானியக் கோயில்களைப் படம்பிடித்தார். 1861இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவை அடைந்தார். பின்னர் கெய்ரோவில் குடியேறி வரைதல் ஆசிரியராக வாழ்ந்தார். நைல் நதிக் கரையின் பழங்கோயில்களைப் படம்பிடித்து 1867இல் பரிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பியதே பிரான்ஸ் அவரிடமிருந்து பெற்ற கடைசிப் படைப்புகளில் ஒன்று. 1884 ஜூலை 30ஆம் திகதி கெய்ரோவில் இறந்தார். அவர் இழந்த பரிஸ் படக்கூடக் கட்டடத்தில்தான், நாடார் என்ற ஒளிப்படக் கலைஞரின் இடத்தில், 1874இல் இம்பிரஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்தது.

நூறு ஆண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்த அவருடைய செத் அலைப் படத்தின் பிரதி ஒன்று 1999இல் இலண்டன் ஏலத்தில் ஐந்து இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது. அன்று வரை உலகில் எந்த ஒளிப்படமும் அந்த விலையைப் பெற்றதில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் விட்டுச்சென்றதோ கடன்தான்.

இன்று கைத்தொலைபேசியே கூர்மையைத் தானாகச் செய்துவிடுகிறது. எதைக் கூர்மையாக்குவது, எதை விட்டுவிடுவது என்று நாம் தீர்மானிப்பதற்குள் அது தீர்மானித்துவிடுகிறது. லெ கிரே அந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு தகட்டிலும் தன் கையால் எடுத்தார். சிலவற்றில் சரியாக எடுத்தார். தன் வாழ்வில் எடுத்தவற்றில் பல தவறிப் போயின.

அவருடைய பலேர்மோப் படங்கள் பரிஸ் தேசிய நூலகம் முதலான இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன, இணையத்திலும் பார்க்கலாம். பலேர்மோவில் இருப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதில் தொலேதோ வீதிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகத்திலிருந்து மேலே நடந்து பாருங்கள். வீதியின் நேர்கோடு அப்படியே இருக்கிறது. தடுப்பரண்கள் இருந்த இடத்தில் இன்று கடைகளும் சுற்றுலாப் பயணிகளும். படத்தில் விழாமல் போன மனிதர்கள் நடந்த அதே பாதையில்தான் எங்கள் பிள்ளைகளும் இப்போது பாடசாலைக்குப் போகிறார்கள்.